இடது பக்கத்துக் கிட்டார்

என் கூட்டாளி ஒட்டடையின் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவன் செத்து மூன்று மாதம். அவன் மனைவியே வண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

"அண்ணே, பாதியில நின்ன அந்தப் பாட்டை முடிச்சுக் குடுங்க. கடைசி வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு."

"முடிச்சுடலாம்மா. எனக்கும் அந்த ஒரு ஆசைதான்."

ஒட்டடைக்குச்சி உயரம், அதனால் அந்தப் பெயர். முப்பது வருடம் சேர்ந்து வாசித்தோம். ஒரே மெட்டை இருவரும் தனித்தனியாகப் பதிவு செய்து, என்னுடையதை இடது காதுக்கும் அவனுடையதை வலது காதுக்கும் வைப்போம். வேறொருவனோடு வாசிப்பதில்லை என்று வாக்கு. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, ஆம்பின் முன்னால் மைக்கை வைத்தேன். கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கத் திருகி வைத்திருந்தான் மகராசன். வாசித்துக் கேட்டால், தேனீக்கூட்டைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிய மாதிரி இருந்தது. சூடேறிய தூசியின் வாசனை அறையெங்கும்.

கெயினைப் பாதியாக்கினேன். அடித்தொனியைக் கூட்டும் பேஸைக் குறைத்தேன். ஸ்பீக்கரின் நடுவிலிருந்து மைக்கை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து, மறுபடி வாசித்தேன். கரகரப்பு போகவில்லை, ஆனால் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக விழுந்தது.

பதிவை ஹெட்போனில் போட்டுக் கேட்டால், வலது காதிலும் ஒரு கிட்டார்.

நான் இடது பக்கம் மட்டும்தான் வாசித்திருந்தேன்.

கம்பியை விடுமுன் ஓர் இழுப்பு இழுக்கும் பழக்கம் உலகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. எனக்குப் பயம் வரவில்லை. சரியான நேரத்துக்கு வந்திருக்கிறானே என்றுதான் ஆச்சரியம். உயிரோடு இருந்தவரை அது நடந்ததில்லை.

"வந்துட்டியாடா," என்றேன். கண் கலங்கிவிட்டது.

இன்னும் தெளிவாகக் கேட்க ஆசைப்பட்டதுதான் தப்பு. கெயினை மேலும் ஒரு துளி குறைத்து, மறுபடி பதிவு செய்து கேட்டேன். பாட்டு நடுவே நான் கையெடுக்கும் இடத்தில், ஒட்டடையின் கிசுகிசுப்பு.

"அவனை விடு. தாளமே நிக்காது அவனுக்கு. முப்பது வருஷம் சகிச்சுக்கிட்டேன்."

யாரோ சிரித்தார்கள்.

"நீ இடது பக்கம் வாடா."

இடது காதில் என் வாசிப்பு மெல்லத் தேய்ந்தது.

அந்த இடத்தில் வேறொரு கை. இளசான, வேகமான, தப்பே விடாத கை.

பிளக்கைப் பிடுங்கினேன். ஆம்பின் சிவப்பு விளக்கு அணையவில்லை. பதிவுகளை ஒன்றுவிடாமல் அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்து அறையைப் பூட்டினேன். செத்தவன் வந்ததற்காக இல்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்ததற்காக.

மறுநாள் காலை அவன் மனைவி போன் செய்தாள்.

"பாட்டு வந்துச்சுண்ணே! கேட்டு அழுதுட்டேன். ஒவ்வொரு நோட்டும் அவ்வளவு தெளிவு!"

"நான் எதுவும் அனுப்பலையேம்மா."

"போங்கண்ணே, விளையாடாதீங்க." சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. இடது பக்கம் இவ்வளவு நல்லா வாசிக்க எப்ப கத்துக்கிட்டீங்க?"

போனோடு பின்னறைக் கதவருகே போனேன்.

பூட்டிய அறைக்குள் ஒட்டடை அடுத்த பாட்டுக்கு எண்ண ஆரம்பித்திருந்தான்.

"ஒண்ணு... ரெண்டு..."

"மூணு," என்றது இன்னொரு குரல்.