பூனை எந்தப் பக்கம் வருது?

"ஓடுது! ஓடுது! அம்மா, என் எலி ஓடுது!"

சமையலறையிலிருந்து அம்மா துடைப்பத்தோடு பாய்ந்து வந்தார். "எங்கடி? கட்டிலுக்கு அடியிலயா?"

"ஐயோ அம்மா, நிஜ எலி இல்ல. கம்ப்யூட்டர்ல ஓடுது! நானே எழுதின கேம்!"

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். ஒரு பெரிய வீட்டுக்குள் குட்டி எலி ஒன்று அறை அறையாக ஓடி பிஸ்கட் பொறுக்கியது. குண்டுப் பூனை ஒன்று அதைத் துரத்தியது.

"அட, உன்னை மாதிரியே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே!" என்று அம்மா சிரித்தார்.

அவளை வீட்டில் எல்லாரும் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் சீப்பு, செருப்பு, அண்ணனின் காது என்று கிடைத்ததையெல்லாம் கடித்துவைப்பாள். அதனால் அண்ணன் வைத்த பெயர் அது. இப்போது அவளுக்கு வயது பதினொன்று. கடிப்பதை விட்டுவிட்டாள். பெயர்தான் அவளை விடவில்லை.

'கோடு போடு கூட்டம்' என்ற இணையக் குழுவிலும் அவளுக்கு அதே பெயர்தான். கம்ப்யூட்டர் டீச்சர் தொடங்கிய குழு அது. பல பள்ளிப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். புரோகிராம் எழுதுவதைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும். பிறகு எங்கெங்கோ போய்விடும். கீபோர்டு மேல் உட்காரும் பூனையை எப்படிக் கிளப்புவது? ரொட்டியைச் சதுரமாக வெட்டினால் ருசியா, முக்கோணமாக வெட்டினால் ருசியா? அந்த ரொட்டிச் சண்டை ஒரு வாரம் நடந்தது. டீச்சரும் முக்கோணக் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

சுண்டெலி தன் விளையாட்டைக் குழுவில் போட்டாள். உடனே பதில்கள் கொட்டின.

"சூப்பர்!"

"பூனை பயங்கரமா இருக்கு. ரெண்டு தடவை செத்துட்டேன்!"

"சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து விளையாடலாமா?" என்று கேட்டான் புயல். கூட்டத்திலேயே வேகமாக டைப் செய்கிறவன் அவன்தான். யோசிப்பதற்கு முன்பே பதில் அனுப்பிவிடுவான். டீச்சரும் சரி என்றார். சுண்டெலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போது புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதினார். குழுவில் பெயர் வௌவால்.

"எனக்கு ஒண்ணும் புரியல. பூனை எந்தப் பக்கம் வருது?"

புயல் சட்டென்று பதில் போட்டான். "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" கூடவே ஒரு வரி முழுக்கச் சிரிக்கும் முகங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வௌவால் எழுதினார்.

"கண்ணு முகத்துலதான் இருக்கு. ஆனா பார்வை இல்ல. என் கம்ப்யூட்டர்தான் எல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டும். புயல், ஒரு உதவி. சிரிக்கிற முகம் ஒண்ணு போட்டாப் போதும். இப்போ அது 'சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம்'னு ஒவ்வொண்ணா வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போய்ப் பால் குடிச்சுட்டு வந்துட்டேன்."

புயல் தன் பதிலை அவசரமாக அழித்தான்.

குழுவில் இன்னொருவன் சமாதானமாகச் சொன்னான். "சனிக்கிழமை நீ பாயிண்ட் எண்ணு. நாங்க விளையாடுறோம்."

"சரி" என்று எழுதினார் வௌவால்.

அந்த ஒற்றைச் சொல் சுண்டெலியை என்னவோ செய்தது. அவளும் ஒருமுறை அப்படிச் 'சரி' சொல்லியிருக்கிறாள். அண்ணனின் நண்பர்கள் பந்து விளையாடும்போது, "நீ போய்ச் செருப்பைப் பார்த்துக்கோ" என்றார்களே, அப்போது.

அவள் எழுந்து துண்டை எடுத்துவந்து திரைமேல் போட்டாள். தன் விளையாட்டைத் தானே விளையாடிப் பார்த்தாள். அம்பு விசைகளை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. எலி ஓடுகிறதா, சுவரில் முட்டி நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. துண்டை விலக்கினாள். பூனை எப்போதோ எலியைப் பிடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

"இது நியாயமே இல்ல!" என்றாள் சுண்டெலி. உடனே குழுவில் எழுதினாள். "கேமை மாத்தப் போறேன். காதால விளையாடுற மாதிரி!"

"ஓடுற புரோகிராமுல கை வைக்காதே! சனிக்கிழமை ஒண்ணுமே ஓடாம போயிடும்!" என்று பலர் கத்தினார்கள்.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கை வைத்தாள்.

அண்ணனிடம் கெஞ்சி ஹெட்போன் வாங்கினாள். பூனைக்கு 'மியாவ்', எலிக்கு 'கீச்', பிஸ்கட்டுக்கு 'டிங்', சுவருக்கு 'டொக்', எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பாட்டு. திரையில் வரும் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் சத்தமாக வாசிக்கவும் வழி செய்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தபோது வீடே அதிர்ந்தது.

"அம்மா, பூனை!" என்று அண்ணன் கத்தினான்.

"இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்!" என்றார் அம்மா, சமையலறையிலிருந்தே.

டீச்சரின் அனுமதியோடு அவள் வௌவாலைக் குழுவின் குரல் அறைக்குக் கூப்பிட்டாள். பேசியது ஒரு பெண் குரல். படபடவென்று பொரிந்தது.

"சுண்டெலியா? நான்தான் வௌவால். கேட்டுத்தானே வௌவால் பறக்கும், அதான் அந்தப் பேரு. கேம் விளையாடிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லட்டா?"

"சொல்லு, சொல்லு!"

"சந்தைக்கடை மாதிரி இருக்கு. எல்லாம் ஒண்ணா கத்துது. நான் எதைக் கேக்குறது?"

சுண்டெலிக்கு முகம் சுருங்கியது. மறு நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எதை எடுத்துடலாம்?"

"முதல்ல அந்தப் பாட்டை! எலி கத்தவே வேணாம், அது நான்தானே! பூனை கழுத்துல ஒரு மணி கட்டு. கிட்ட வந்தா சத்தம் பெருசாகணும். இடப்பக்கம் வந்தா இடது காதுல கேக்கணும்."

"அட! அப்போ கண்ணை மூடிக்கிட்டே தப்பிச்சு ஓடலாம்!"

"நான் எப்பவும் அப்படித்தானே ஓடுறேன்!" என்றாள் வௌவால். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு சிக்கல் வந்தது. பூனை இடப்பக்கம் வந்தால் சுண்டெலிக்கு மணி வலது காதில் கேட்டது. அவள் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடதை வலதாக மாற்றினாள். "இப்போ எனக்குத் தப்பாக் கேக்குதே!" என்றாள் வௌவால். சுண்டெலி திரும்பவும் பழையபடி மாற்றினாள். இப்போது வௌவாலுக்குச் சரி, சுண்டெலிக்குத் தப்பு! அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புயல் குரல் அறைக்குள் வந்தான். குரல் வழக்கத்தைவிட மெல்ல இருந்தது.

"வௌவால், அன்னைக்கு யோசிக்காம எழுதிட்டேன். மன்னிச்சுடு."

"பரவாயில்ல. பால் குடிக்க நேரம் குடுத்தியே!"

புயல் சிரித்துவிட்டான். "எனக்கும் ஏதாவது வேலை குடுங்களேன்."

சுண்டெலி சிக்கலைச் சொன்னாள். புயல் முதல்முறையாகக் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்.

"சுண்டெலி, ஹெட்போனை மாத்தி மாட்டியிருக்கியா?"

சுண்டெலி ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள். இடது பக்கத்துக்கான எழுத்து அவளுடைய வலது காதில் இருந்தது.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க!" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். குழுவுல மட்டும் போடுவோம்!" என்றான் புயல்.

சனிக்கிழமை காலை கூட்டம் முழுக்கக் குரல் அறைக்கு வந்துவிட்டது. முதல் சுற்று படத்தோடு, மணிச் சத்தத்தோடு. வௌவாலும் விளையாடினாள். முதல் மூவரில் ஒருத்தியாக வந்தாள்.

"ரெண்டாவது சுற்று!" என்று அறிவித்தாள் சுண்டெலி. "எல்லாருக்கும் திரை கறுப்பு!"

ஒரே கூச்சல்.

"ஐயோ, நான் எங்க இருக்கேன்?"

"டொக், டொக்... சுவர்லயே முட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

"பூனை வருது, எந்தப் பக்கம் வருது?"

ஒவ்வொருவராகப் பூனை வாயில் விழுந்தார்கள். புயல்தான் முதல் பலி. சுண்டெலியும் நிலைக்கவில்லை. டீச்சர் பூனையை நோக்கியே நேராக ஓடினார்.

வௌவால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். டிங், டிங், டிங்! ஒரு அறை, அடுத்த அறை, அதற்கடுத்த அறை. மணி நெருங்கும்போதெல்லாம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சட்டென்று திரும்பித் தப்பினாள். "ஓடு வௌவால், ஓடு!" என்று புயல் தொண்டை கிழியக் கத்தினான்.

திடீரென்று மணிச் சத்தம் நின்றது. பூனை பின்தங்கிவிட்டது. வௌவாலின் எலி ஒரு புது அறைக்குள் நுழைந்தது. அங்கே பிஸ்கட் இல்லை, சுவர்கூட இல்லை. கம்ப்யூட்டரின் குரல் மட்டும் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தது:

"இவ்வளவு தூரம் யாரும் வர மாட்டாங்க. இந்த அறையை அப்புறமா கட்டிக்கலாம்."

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். சுண்டெலி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். சோம்பேறித்தனத்தில் என்றைக்கோ அந்தக் காலி அறையின் திரையில் தனக்குத்தானே எழுதிவைத்த வரி அது!

"சுண்டெலி!" என்று கூவினாள் வௌவால். "நான் வந்துட்டேன்! அறை எங்கே?"

"இதோ, இப்பவே கட்டுறேன்!"

சுண்டெலி அந்த வரியைத் தேடிப் பிடித்து முழுசாக அழித்தாள். அது இருந்த இடத்தில் 'வாங்க, வாங்க!' என்று அடித்துவிட்டு, முதல் சுவரைக் கட்டத் தொடங்கினாள்.