பற்றவைக்காத அடுப்பு

"நாளைக்குக் காலையில வண்டி வருது சார். அம்மாவை முதியோர் இல்லத்துல விடப் போறேன்," என்றான் மகன், துப்பறிவாளரிடம். "அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். அவங்க அடுப்பைத் திறந்து விடுறது மறதியா, இல்ல வேணும்னேவா? வேணும்னேதான்னு அப்பா சொல்றார்."

சில வாரங்களாகவே சமையலறையில் எரிவாயு நிறைந்து கிடக்கிறதாம். பற்றவைக்காத அடுப்பு, அதன்மேல் ஒரு பாத்திரம் தண்ணீர். ஒவ்வொரு முறையும் அம்மாதான் ஓடிப்போய் மூடியிருக்கிறாள்.

நேரில் பார்க்காமல் துப்பறிவாளர் எதையும் முடிவுசெய்ய மாட்டார். அவருடைய நிதானம் உதவியாளருக்குப் பொறுக்காது. அதனால்தான் அவளுக்கு 'அவசரம்' என்று பேர். "மூடுறவங்கதான் சார் திறக்கிறாங்க," என்று அலுவலக மாடிப்படி இறங்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வாசலில் அப்பா வரவேற்றார். "வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களா? இந்தத் தெருவுல நுழைஞ்சவன் வெளியே போனதில்ல!" குலுங்கிச் சிரித்தார். சட்டைப் பையில் எதுவோ கலகலத்தது. அவசரமும் சிரித்தாள்.

"சமையக்கட்டுப் பக்கமே நான் போறதில்ல. சிகரெட்டும் தொட்டதில்ல. எல்லாம் அவ ராஜ்யம்."

அம்மா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. லைட்டரால் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். "கேஸ் கசியுதோன்னுகூடப் பாத்தேன் தம்பி. உள்ளே அந்த ரப்பர் வளையம்... பேரு வரமாட்டேங்குது பாருங்க." கண் கலங்கியது. "இப்படித்தான் எல்லாம் நழுவுது." பேசியபடியே அடுப்பை அணைத்தாள். வெளியே வரும்போது, பார்க்காமலே, அவள் கை சிலிண்டரையும் மூடியது.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா முகம் மலர்ந்தார். "வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களா? இந்தத் தெருவுல நுழைஞ்சவன் வெளியே போனதில்ல!"

அதே சொற்கள், அதே சிரிப்பு. அவசரம் மரியாதைக்காக மறுபடியும் சிரித்தாள்.

"வாஷர்!" என்றாள் அம்மா திடீரென்று.

துப்பறிவாளர் நிமிர்ந்தார். "வயசானா பேரு லேட்டா வரும்மா. ஆனா வந்துடும். இத்தனை வருஷம் லேப்ல பழகின கை உங்களைக் கேக்காமலே மூடுது. அந்தக் கை திறந்து போட்டுட்டுப் போகாது."

"அப்போ... நான் இல்லையா?"

துப்பறிவாளர் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, சட்டைப் பையில என்ன வெச்சிருக்கீங்க?"

அப்பா எடுத்துப் பார்த்தார். தீப்பெட்டி. "இதை யாரு இங்க வெச்சது?" அந்தக் குரலில் பொய் இல்லை.

துப்பறிவாளர் மகனைத் தனியே அழைத்துப் போனார். "வெந்நீர் வைக்கலாம்னு அடுப்பைத் திறக்கிறார். தீப்பெட்டி தேடிப் போறார். கிடைக்கும்போது, எதுக்குத் தேடினோம்னு தெரியல. அடுப்புக்கிட்ட போனதே அவர் ஞாபகத்துல இல்ல. அதனால அம்மாவைச் சந்தேகப்படறார். இது வெறும் வயசு இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"மறந்துட்டுத்தானே போறார்..."

"மறந்ததாலதான் தப்பிச்சீங்க. கேஸ் நிறைஞ்சிருக்கும்போது ஞாபகம் வந்தா, குச்சியை உரசிடுவார்." சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்: "அம்மாவை அனுப்பிட்டா, யாரு மூடுறது?"

மகன் வண்டிக்காரனை ஃபோனில் கூப்பிட்டு வரவேண்டாம் என்றான்.

அம்மாவின் முகத்தில் நிம்மதி இல்லை. கணவரின் கையிலிருந்து தீப்பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அவர் வாசல்பக்கம் பார்த்து மலர்ந்தார்.

"வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களா? இந்தத் தெருவுல நுழைஞ்சவன் வெளியே போனதில்ல!"

அவசரம் தலைகுனிந்தாள். அம்மா மட்டும், முதல்முறை கேட்பவள்போல், சிரித்தாள்.