எலும்பு மட்டும் மிஞ்சும்

நடுரோட்டில் பிணம் நகர்ந்துகொண்டிருந்தது.

லாரி டிரைவர் பிரேக்கை மிதித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

நாய்கள்... கொழுத்த நாய்கள். காலரைக் கவ்வி, காலைக் கவ்வி, ஒரு மனிதனை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தன. ஹாரனுக்கு அசரவில்லை. கல்லை எடுத்த பிறகுதான் விலகின.

செத்தவன் பறவை ஆராய்ச்சிக்காரன். எந்நேரமும் கழுத்தில் பைனாகுலர் தொங்கியதால் 'பைனாகுலர்' என்றே அவனுக்குப் பெயர். இரண்டு நாளாக ஆளைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் டிரைவரின் வாயைக் கட்டினார். போஸ்ட்மார்ட்டம் முடியும்வரை விஷயத்தை அமுக்கி வைத்தார். முடிந்த கையோடு பைனாகுலரின் அக்கா வீட்டுக்குப் போனார்.

ஹால் முழுக்கக் கழுகு. வெண்கலக் கழுகு, பளிங்குக் கழுகு, கண்ணாடிக் கழுகு... எல்லாம் விருதுகள்.

அக்காவின் கணவர் பறவைகள் பாதுகாப்பு மன்றத்தின் தலைவர். பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க வந்த அவதாரம் என்று மேடைக்கு மேடை அவரே சொல்லிக்கொள்வார். பிழைப்புக்குக் கால்நடை மருந்து மொத்த வியாபாரம். கழுகைப் பார்க்க ஒரு தடவைகூடப் பாறை ஏறியதில்லை. மூச்சு வாங்குமாம்.

சோபாவுக்குப் பின்னால் மன்றத்தின் செயலாளர் கைகட்டி நின்றார். முதுகெலும்பு என்ற ஒன்றை எங்கோ அடகு வைத்துவிட்ட ஆள்.

"உங்க மச்சான் கிடைச்சுட்டார் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "உயிரோட இல்ல. செத்த மாடுங்களைக் கொண்டுபோய்ப் போடற பாறை பக்கம்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் காய்ந்த கண்ணில் கைக்குட்டையை ஒற்றினார்.

"பாவம் மேடம். வழுக்கி விழுந்திருப்பான். சொன்னா எங்க கேட்டான்..."

"இருக்கலாம்."

"ஆனா, வெறும் எலும்பை வெச்சு அவன்தான்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார்.

"எலும்புன்னு நான் சொல்லவே இல்லையே சார்."

"அது... அங்கதான் கழுகுங்க இருக்கே. ஒரு மணி நேரத்துல மாட்டையே காலி பண்ணிடும்."

"ஆள் கிட்டத்தட்ட முழுசாக் கிடைச்சிருக்கார். கால்ல மட்டும் நாய் கடிச்சிருக்கு. கழுத்துல ஊசி குத்தின தடம் அப்படியே இருக்கு. குதிரையைச் சாய்க்கிற மயக்க மருந்துன்னு டாக்டர் சொல்றார். இந்த ஊர்ல அது உங்க குடோன்ல மட்டும்தான் கிடைக்கும்."

அக்கா மெதுவாக எழுந்தாள்.

"தம்பி கடைசியா இங்கதான் வந்தான். கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் கத்தினீங்க. அப்புறம் பஸ் ஏத்தி விட்டுட்டேன்னு சொன்னீங்களே... எந்த பஸ்ஸுங்க பாறைக்குப் போகுது?"

"நீ சும்மா இரு."

"எதுக்கும்மா சண்டை?" இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"மாட்டுக்குப் போடற வலி ஊசிக்கு, மேடம். அரசாங்கம் தடை பண்ணியும் இவர் விக்கிறார். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்னா, கழுகுக்குக் கிட்னி போயிடுமாம். கழுகெல்லாம் இவராலதான் அழிஞ்சுபோச்சுன்னு விருது விழா மேடையிலயே சொல்லப்போறேன்னான் தம்பி."

தலைவர் ஏளனமாகச் சிரித்தார்.

"அழிஞ்சுபோச்சாம். முழுப் பொய் மேடம். என் பாறையில முந்நூறு கழுகு இருக்கு. யோவ், சொல்லுய்யா."

செயலாளர் கட்டிய கையை இறக்கினார்.

"சார்... அங்க ஒண்ணுகூட இல்ல."

"என்னய்யா உளர்ற? போன மாசம் முந்நூறுன்னியே?"

"நீங்க முகம் சுளிப்பீங்கன்னு சொன்னேன் சார். முதல்ல நூறுன்னேன், தட்டிக் கொடுத்தீங்க. அப்புறம் இருநூறுன்னேன், ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தீங்க. நிஜத்துல கழுகு கொத்துக் கொத்தா செத்து விழுந்துச்சு. தின்ன ஆளில்லாம மாடெல்லாம் அழுகிக் கிடக்க, அதைத் தின்னு தின்னு நாய்தான் பெருகிப் போச்சு..."

"அந்த நாய்ங்கதான் உங்க மச்சானை ரோட்டுக்கு இழுத்துட்டு வந்ததுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவரின் முகம் சிவந்தது. கொலை செய்த வெட்கம் அதில் மருந்துக்கும் இல்லை. ஏமாந்த கோபம் மட்டும்தான்.

"படுபாவி! முந்நூறு இருக்குன்னு நம்பித்தானேய்யா ராத்திரியோட ராத்திரியா அவனைப் பாறை அடியில கொண்டுபோய்ப் போட்டேன்!"

சொன்ன பிறகுதான் தலைவருக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது.

தொப்பென்று சோபாவில் சரிந்தார்.

"எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க... ஒருத்தனாவது என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"ஒருத்தன் சொன்னான்" என்றாள் அக்கா. "அவனைத்தான் கொன்னீங்க."

தாலி கட்டியவனை அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஜீப் கதவைத் திறந்து பிடித்தார் இன்ஸ்பெக்டர்.

"ஏறுங்க சார். ஜெயில்ல காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தலையை எண்ணுவாங்க. உங்க மனசு குளிரணும்னு அங்க யாரும் ஒண்ணு கூட்டிச் சொல்ல மாட்டாங்க!"