சுடுநீர்த் தொட்டியும் சந்தனப் பொட்டும்

"சார், என்னைய ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவப் போறாங்களாம். நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

விஜயதசமி காலையில், தாம்பரத்தில் வேதசிரோமணியின் வாசலில் நின்று அழுதாள் புஷ்பம். செம்பாக்கத்தில் தசரதன் வீட்டில் வேலை செய்பவள். முந்தின நாள் மாலை, அந்த வீட்டு மொட்டைமாடியில் புதிதாக வைத்த சுடுநீர்த் தொட்டியில் மருமகள் ஹேமாவதிக்கு ஷாக் அடித்துவிட்டது. உயிர் பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். புஷ்பம் ஈரத்துணியால் சுவிட்சுப் பெட்டிகளைத் துடைத்ததுதான் காரணம் என்று தசரதன் நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறார்.

"கொலைகாரின்னாரு சார். என்னையப் பேசவே வுடல. தெருவே வேடிக்கை பார்த்துச்சு."

எப்சிக்கு ரத்தம் கொதித்தது. அவள் புதிதாகக் கறுப்பு அங்கி மாட்டிய வக்கீல். தாய்மாமன் வேதசிரோமணி மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் எங்கே துப்புத் துலக்கப் போனாலும் கூடவே ஒட்டிக்கொள்வாள். வேலை செய்கிறவள் என்றால் பழி போட வாய் கூசாதா இவர்களுக்கு? அநியாயம்!

மூவரும் போனபோது தசரதன் மாடியிலேயே காத்திருந்தார். தொட்டியிலிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரிந்தது. கோபத்திலும், இதில் ஒரு மாலை உட்கார்ந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எப்சிக்குத் தோன்றத்தான் செய்தது.

"இதுல இன்னா சார் விசாரணை? நான் ஓடி வந்தப்போ மெயின் மேல இவ கை. பொட்டே அழிஞ்சு கீது பாருங்க!" என்றார் தசரதன்.

உண்மைதான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மெயின் சுவிட்சின் கைப்பிடியில் அழிந்திருந்தது. பக்கத்தில் டிரிப்பர் பெட்டி. மின்கசிவு வந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் கருவி அதற்குள் இருந்தது. அதன் மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் வைத்த பொட்டு காய்ந்து, குறுக்கே பிளந்திருந்தது. வேதசிரோமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூஜை எப்போ முடிஞ்சுது?"

"காலைலயே. மத்தியானம் சொந்தக்காரங்க வந்தாங்க, தொட்டிய ஓட்டிக் காட்டினேன்."

"ஆயுதமெல்லாம்?"

"சாமி ரூம்ல. மறுபூஜை ஆவாம யாரும் தொடக் கூடாது சார். சாவி என் அரைஞாண் கயித்துல கீது."

"நான் ஸ்பானர் கேட்டதுக்கே திட்டினாரு," என்றான் மகன் சக்திவேல்.

சாமி அறையைத் திறக்கச் சொன்னார் வேதசிரோமணி. சுத்தியல், அரிவாள், ஸ்பானர் எல்லாவற்றிலும் பொட்டு பளிச்சென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியில் மட்டும் ஈஷிக்கொண்டிருந்தது.

"பெட்டிய ஈரத்துணில துடைச்சிருந்தா பொட்டு மொத்தமா போயிருக்கும். இது பிளந்திருக்கு. அப்ப, பொட்டு காய்ஞ்ச பிறகு யாரோ மூடியக் கழட்டியிருக்காங்க," என்றார் அவர். அந்த ஸ்க்ரூடிரைவராலேயே மூடியைத் திறந்தார். உள்ளே டிரிப்பரை ஒதுக்கிவிட்டு வயர்கள் நேராக முறுக்கப்பட்டிருந்தன.

"டிரிப்பர ஏன் ஒதுக்கணும்? தொட்டியோட ஹீட்டர்ல கசிவு, அதனால டிரிப்பர் விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. சொந்தக்காரங்க முன்னாடி மானம் போகுது. ஆயுத பூஜை அன்னிக்கு எந்த எலெக்ட்ரீஷியனும் கருவியத் தொட மாட்டான். அப்ப வீட்டு ஸ்க்ரூடிரைவர்தான் கதி. அது பூட்டின ரூமுக்குள்ள. சாவி உங்க இடுப்புல, தசரதன்."

தசரதனின் கை அரைஞாண் கயிற்றுக்குப் போனது.

"பொட்டு அழிஞ்ச மெயின்?" என்றாள் எப்சி.

"அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஹேமாவதி துடிச்சப்போ மெயின இறக்கினது புஷ்பம். அவ கை அங்க இல்லன்னா இன்னிக்கு இந்த வீட்டுல சாவு."

"அப்பா!" என்று கத்திவிட்டான் சக்திவேல்.

"தெரியாம பண்ணிட்டேன் சார்," என்றார் தசரதன். "சத்தியமா, இப்டி ஆவும்னு..."

"வயரத் தெரியாம முறுக்கினீங்க, சரி. பழியத் தெரிஞ்சுதானே போட்டீங்க!" என்றாள் எப்சி. "நேத்து கத்தின அதே இடத்துல போய் நின்னு சொல்லுங்க."

தசரதன் படியிறங்கித் தெருவுக்குப் போனார். பூ விற்பவள் கூடையை இறக்கினாள். இரண்டு வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தப்பு என்னுதுதான். புஷ்பம்தான் மருமவளக் காப்பாத்துச்சு," என்று முணுமுணுத்தார்.

புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு அண்ணா. நேத்து அந்தக் கோடி வூடு வரைக்கும் கேட்டுச்சு."