அம்மாவின் முகத்தை ஆடு தின்றது

“ஒன் ஆடு எங்க அம்மாவத் தின்னுருச்சு!”

“இலையத்தானடா தின்னுச்சு…”

“அந்த இலையிலதான எங்க அம்மா இருந்துச்சு!”

“நான் கட்டித்தான் போட்டேன்! கயித்த அத்துக்கிட்டு வந்தா நான் என்ன செய்ய?”

அருண்பாண்டியும் கயலும் போட்ட சத்தம் பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தெருமுனைவரை கேட்டது. கயலின் வெள்ளாடு மட்டும் அமைதியாக அசைபோட்டது. அதன் வாயோரம் ஒரு இலைக்காம்பு ஆடியது.

அனுசுயா அக்கா வாயில் கைவைத்தபடி அசையாமல் நின்றாள். போட்டோ, குரல், இலை என்று பலவற்றைச் சேர்த்துப் படைக்கும் கலைஞர் அவள்; பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்திருந்தாள். அருணின் அம்மா ராஜாத்தி திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டும்போது போட்டோ எடுத்தாள், குரலையும் பதிவு செய்தாள். போட்டோவைக் கண்ணாடி போன்ற பிலிமில் அச்சிட்டாள். பிலிமைத் திராட்சை இலைமேல் வைத்து மூன்று நாள் வெயிலில் காட்டினாள். வெயில் பட்ட இடம் வெளுத்தது. படாத இடத்தில் ராஜாத்தியின் முகம் பச்சையாக நின்றது!

அந்த இலையை மாட்டியிருந்த மரச்சட்டம் இப்போது காலி. அதன் பின்னால் இருந்த ஸ்பீக்கர் மட்டும் ராஜாத்தியின் குரலில் அதட்டியது.

“ஏலே, கொத்தப் பாத்து வெட்டு!”

ஆடு துள்ளிப் பின்வாங்கியது. கயலுக்குச் சிரிப்பு வந்தது. அருணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“எங்க அம்மா போட்டோவுக்கே நிக்காது. ‘இந்த மூஞ்சிக்கு எதுக்குடா’ன்னு சொல்லும். இதப் பாக்கத்தான் இன்னைக்கு அரைநாள் லீவு போட்டுச்சு.” அவன் காலிச் சட்டத்தைத் தடவினான்.

“அக்கா, வேற இலையில செய்ய முடியாதா?”

“மறுபடி மூணு நாள் வெயில் வேணுமே, கயலு.”

“அய்யய்யோ! அந்தா அம்மா வந்துருச்சு!” என்றான் அருண். வாசலில் ராஜாத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பிலிம ஆடு தின்னலயே?”

“இல்ல. இந்தா இருக்கு.”

கயல் அதைப் பறித்தாள். அக்காவின் கூடையிலிருந்து ஒரு புது இலையை எடுத்தாள். இலைமேல் பிலிமை வைத்து, மேற்கு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

சாயங்கால வெயில் இலைக்குள் பாய்ந்தது. பச்சை ஒளியில் ராஜாத்தியின் முகம் எழுந்தது. இலை நரம்புகள் கன்னத்தில் ஓடின.

“ஆத்தாடி! இது எனக்குத் தோணலயே!” என்றாள் அனுசுயா அக்கா.

உள்ளே வந்த ராஜாத்தி அப்படியே நின்றுவிட்டாள். திராட்சைக் கறை படிந்த கையைச் சேலையில் துடைத்தாள். தொடப் போனாள், தொடவில்லை.

கயலுக்குக் கை வலித்தது. இறக்கவில்லை.

“நல்லாத்தான்டா இருக்கேன்” என்றாள் ராஜாத்தி மெல்ல.

பிறகு ஆட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெருமுனையில வரும்போதே ஒங்க சண்டை கேட்டுச்சு. சொல்லுத்தா கயலு, இது மொதல்ல என் மூக்கத் தின்னுச்சா, கண்ணத் தின்னுச்சா?”