இருபத்திரண்டு ரூபாய்க் கீல்

"இதப் பித்தளைன்னு எந்த வாயால சொன்னீங்க?"

மதிவதனி ஸ்க்ரூவோடு வீசியெறிந்த கீல் கடை மேசையில் இரண்டு தரம் துள்ளி, அங்கே நின்றிருந்த ஒருவனின் கையருகே போய் விழுந்தது. அவனை அவள் பார்க்கக்கூட இல்லை. ஒரகடத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முழுக்க நனைந்திருந்தாள்... கண்கள் மட்டும் அனலாக இருந்தன.

"ஆறு ரூபாய்க்கு வேற இன்னாம்மா வரும்?" என்றார் கடைக்காரர் டில்லிபாபு.

"அத விக்கும்போது சொல்லணும்ண்ணே! மணிமங்கலம் கோமதியம்மா பொண்ணு கல்யாணத்துக்கு நாப்பது பெட்டி கேட்டாங்க. மாதிரிக்கு ஒண்ணு குடுத்தேன். சம்பந்தி வூட்டு ஆளுங்க முன்னாடி மூடி கையோட வந்துடுச்சு. யாருக்கு அசிங்கம்?"

கார் சீட் கம்பெனியில் லைன் வேலையை விட்டவள் அவள். கம்பெனிகள் கழித்துப் போடும் பேக்கிங் பலகைகளை வாங்கி, மண்ணூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இழைத்து, நகைப் பெட்டிகள் செய்கிறாள். குப்பைப் பலகை என்று சிரித்தவர்களே தடவிப் பார்த்து வாங்கிய பெட்டிகள்... ஆறு ரூபாய்க் கீலால் பெயர் கெட்டது!

அந்த ஆள் கீலை எடுத்துத் திறந்து மூடினான்.

"கீலு நடுவுல கீற ஊசி லூசா கீது. அதோட... நீங்க போட்ட ஸ்க்ரூவும் பெருசு. பலகைய பொளந்துடும்."

"உங்கள யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல. ஆனா, கீல் பாக்கறதுதான் என் வேலையே."

பெயர் இளம்பரிதி. இருங்காட்டுக்கோட்டையில் கீல் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் தரம் பார்ப்பவன். கடைக்கு சாம்பிள் கொண்டுவந்திருந்தான்.

"முழுப் பித்தளை போடுங்க. இருபத்திரண்டு ரூபா."

"பெட்டிக்கு ரெண்டு. கீலுக்கே நாப்பத்திநாலு போனா, நான் இன்னாத்த சாப்பிடறது?"

அவன் சிரித்துவிட்டான். கேலியில்லாத சிரிப்பு... அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். விடுவிடுவென்று மழையில் இறங்கி நடந்தாள். 'ஸ்க்ரூ பெருசாம்...' வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தாள். பெரிசுதான். அதற்கும் அவன்மேலேயே கோபம் வந்தது.

மூன்றாம் நாள் டில்லிபாபு போன் செய்தார். முழுப் பித்தளை, பத்தே ரூபாய்க்கு வந்திருக்கிறதாம். எண்பது கீல் வாங்கினாள். நாற்பது பெட்டியும் போய்ச் சேர்ந்தன. கோமதியம்மாளுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். அதே விலையில் இன்னும் நூறு பெட்டி வேண்டுமென்றார். "சரிம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நேராகக் கடைக்கு ஓடினாள்.

"இருநூறு கீலாம்மா... பத்து ரூபாய்க்கா?" டில்லிபாபு தலையைச் சொறிந்தார். "மறைச்சு இன்னா ஆவப்போது... மீதி பன்னெண்டு ரூபாய அந்த இளம்பரிதி தம்பிதாம்மா குடுத்துச்சு."

மதிவதனி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்... எண்பது கீலுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

பகல் ஷிப்ட் முடிந்து அவன் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது எதிரில் போய் நின்றாள். மறுபடியும் மழை... குடை பிடிக்கவும் தோன்றவில்லை.

"தொள்ளாயிரத்து அறுவது ரூபா. புடிங்க!"

"மதிவதனி... ஒரு உதவின்னுதான்..."

"இதுவா உதவி? பத்து ரூபா கீல நம்பி நூறு பெட்டிக்கு விலை சொல்லிட்டேன்! இனிமே ஒவ்வொரு பெட்டிக்கும் என் கூலி போவும். இல்லன்னா என் வாக்கு போவும். என் பொருளுக்கு விலை வெக்க நீங்க யாரு?"

அவன் முகம் செத்துப்போனது. "இத நான் யோசிக்கல. தப்புதான். நான் வேணா அந்தம்மாகிட்ட..."

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. பண்ணதே போதும்!"

திரும்பி நடந்தவளின் கண்களில் நீர். அவன் காசு கொடுத்ததற்கா... தன்னை இரக்கத்துக்குரியவளாக நினைத்துவிட்டானே என்பதற்கா... அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கோமதியம்மாள் முன் ஆறு ரூபாய்க் கீலையும் இருபத்திரண்டு ரூபாய்க் கீலையும் வைத்தாள். "நான் விலை சொன்னது தப்பும்மா. பித்தளைன்னா பெட்டிக்கு இருபத்தஞ்சு ரூபா கூட ஆவும். மட்டமான கீல இனிமே போட மாட்டேன்." அந்தம்மாள் முகத்தைச் சுளித்தார். வெகுநேரம் பேரம் பேசினார். கடைசியில் நூறு பெட்டி அறுபதானது... ஆனால் கேட்ட விலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இளம்பரிதி. வெறுங்கையோடு வந்திருந்தான்.

"மன்னிப்பு கேக்க வந்தேன்."

"கேட்டாச்சுல்ல? கெளம்புங்க. பாவம் பாத்து காசு குடுக்க வேற ஆளப் பாருங்க."

"பாவமா? உங்களப் பாத்தா?" அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "மழைல நனைஞ்சுகினு கடைல அந்தக் கத்து கத்தினீங்களே... அன்னைக்கே எனக்கு உங்களப் புடிச்சுப் போச்சுங்க. அத சொல்ல தைரியம் வரல... கீல் விலைய கொறச்சுட்டேன்."

இழைப்புளி பாதியில் நின்றது.

"அறிவு இருக்கா உங்களுக்கு?" முகமெல்லாம் சிவக்க நிமிர்ந்தாள். "மனசுல இருக்கறத சொல்ல காசா கேட்டாங்க?"

"அதான்... இப்ப சொல்லிட்டேனே."

"மூணு வாரம் கழிச்சு!" இழைப்புளியைக் கீழே வைத்தாள். "கோவப்பட்டு உங்கள மறக்கலாம்னு பாத்தா, கோவப்படும்போதெல்லாம் நீங்கதான் ஞாபகத்துல வரீங்க. எனக்கும் புடிச்சுத்தான் தொலைச்சிருக்கு... போதுமா?"