வறுத்த மண்

ஆறாம் வகுப்பு சுகிர்தாவுக்கு வந்த பொறாமையில் காது இரண்டும் சிவந்துபோயின. அந்தச் சிவப்பைப் பார்த்து, எளாவூர் செக்போஸ்ட்டில் நாலு லாரிகள் தாமாகவே நின்றுவிட்டன. சந்தேகம் இருந்தால் லாரிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

காரணம், மோனிகாவின் மிளகாய்ச் செடி.

கிரேஸ் டீச்சர் எல்லாருக்கும் ஒரு தொட்டி கருங்கல் தூள் கொடுத்திருந்தார். "வயல் மண்ணு ஒரு பிடி கலந்து செடி வளத்துக் கொண்டாங்க. நல்லா வர்ற செடி திருவள்ளூர் கண்காட்சிக்குப் போகும்."

மோனிகாவின் செடி பச்சைப்பசேலென்று நின்றது. சுகிர்தாவின் செடி மஞ்சளாகி, உட்கார இடம் தேடியது.

"இன்னாடி போட்ட அதுக்கு? உங்க நைனா கம்பெனிலேர்ந்து உரம் கொண்டாந்தாரா?"

"ஐய, தண்ணிதான் ஊத்திக்கினு இருந்தேன்."

"பொய் சொல்லாத!"

"மாதா சத்தியமா!"

மோனிகா தண்ணீர் குடிக்கப் போனாள். சுகிர்தாவின் இரண்டு விரல்கள் அந்தச் செடியின் கொழுந்தை நோக்கி நடந்தன. ஒரு கிள்ளு போதும். அப்புறம் கண்காட்சிக்கு யாரும் போகவேண்டாம்.

விரல் கொழுந்தில் பட்டது. செடி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

மோனிகா திரும்பி வந்ததும் சுகிர்தா கேட்டாள்: "நீ மண்ண வறுத்தியா?"

"மண்ண யாராவது வறுப்பாங்களா?"

"நான் வறுத்தேன். பூச்சி கீச்சி இருக்குமேன்னு, உப்புமா ரவை மாதிரி."

மோனிகா சிரித்த சிரிப்பில் கரும்பலகையிலிருந்த கணக்கு முழுதும் உதிர்ந்துபோனது.

சுகிர்தா சிரிக்கவில்லை. "அதே கல்லு, அதே விதை, அதே தண்ணி. வறுத்தது மட்டுந்தான் வேற. அப்ப மண்ணுல இருந்த யாரையோ நான் கொன்னுட்டேன்."

"பாக்டீரியாவை" என்றார் பின்னால் நின்ற கிரேஸ் டீச்சர். "கண்ணுக்குத் தெரியாது, பல்லும் கிடையாது. அமிலத்தைக் கசியவிட்டே கல்லைக் கொஞ்சங்கொஞ்சமா கரைக்கும். அதுல வர்ற சத்து செடிக்குச் சாப்பாடு. சரி, மோனிகா, உன் தொட்டியை எடுத்து வை."

"டீச்சர், அது மட்டும் போனா, கல்லைக் கரைச்சது யாருன்னு எப்டித் தெரியும்? பக்கத்துல என்னுதும் இருக்கணும்" என்றாள் சுகிர்தா.

டீச்சர் யோசித்தார். இரண்டு தொட்டிகளும் போயின.

திருவள்ளூரில் வந்தவர்கள் எல்லாம் மஞ்சள் செடியைச் சுற்றியே நின்றார்கள். "ஐயோ பாவம், இதுக்கு இன்னா ஆச்சு?"

மோனிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "என் செடிய ஒருத்தரும் பாக்கல."

அது எப்படி எரியும் என்று சுகிர்தாவுக்கு நன்றாகத் தெரியும். தன் தொட்டியை ஒரு சாண் பின்னால் தள்ளிவைத்தாள்.

நாலு விரல் அளவுதான் தள்ளினாள் என்று மோனிகா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.